வாசலில் ஒற்றர்... வீட்டுக்குள் வள்ளுவர்!



ஒற்றன், வேவுகாரன், உளவாளி, சி.ஐ.டி... எந்தப் பெயரில் சொன்னாலும் நமக்கு உடனே ஞாபகம் வருவது கறுப்புக் கண்ணாடியும் ஜேம்ஸ் பாண்ட் துப்பாக்கியும்தான். கொஞ்சம் மூத்தவங்களைக் கேட்டால் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி என்பார்கள். எல்லாமே எங்கோ வெளிநாட்டில் நடக்கிற சமாச்சாரம், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே! லண்டனில் சூடு பிடித்து, பாரிஸ் சுற்றி, பாண்டிச்சேரியில் பத்து வருஷம் தங்கி, கடைசியில் நம்ம பாபநாசம் அருவியில் முடிந்த ஒரு கதை இருக்கிறது. கதாநாயகர் வ.வே.சு. ஐயர். இளமையின் பெரும்பகுதியை ஒற்றர்களின் பார்வையிலேயே கழித்தவர். அதே சமயம், ஒற்றர்களைப் பற்றித் திருவள்ளுவர் எழுதிய பத்துக் குறளையும் சேர்த்து ஆங்கிலத்தில் கொடுத்தவரும் அவரேதான்!

நான் வீரகேரளம்புதூர்க்காரன். ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருந்த ஊர், காவடிச் சிந்து அண்ணாமலை ரெட்டியார் வாழ்ந்த ஊர் என்று எங்க ஊருக்குப் பெருமை உண்டு. எங்க ஊரிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் தென்காசி, அதைத் தாண்டினால் வாஞ்சிநாதனின் செங்கோட்டை. பாவூர்சத்திரம் வழியாகத் தெற்கே போனால் பாரதியார் தங்கிய கடையம். அதே ரோட்டில் அம்பாசமுத்திரம் தாண்டினால் ஐயர் மறைந்த பாபநாசம். மூன்று ஊர், மூன்று பேர். மூன்று பேர் பின்னாலும் சி.ஐ.டி. நிழல். அதில் ஐயரின் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்ற இரண்டு பேரும் நடுநடுவே வந்து போவார்கள்.

அதிகாரம் 59

கதைக்குள் போகும் முன்னால் ஒரு சின்னப் பாடம். பயப்படாதீங்க, இதுக்கு இண்டர்னல் மார்க் கிடையாது!

திருக்குறளில் 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல். 581 முதல் 590 வரை பத்துக் குறள். அரசனுக்கு இரண்டு கண் வேண்டும், ஒன்று ஒற்று, இன்னொன்று புகழ் பெற்ற நூல் என்று வள்ளுவர் ஆரம்பிக்கிறார். ஒற்றன் பார்த்தால் சந்தேகம் வராத உருவத்தில் இருக்கணும், யார் முறைத்துப் பார்த்தாலும் பயப்படக் கூடாது, என்ன செய்தாலும் மனசிலிருப்பதைக் கக்கக் கூடாது. துறவி வேஷம்கூடப் போடலாம். ஒருத்தன் கொண்டு வந்த செய்தியை இன்னொருத்தனை விட்டுச் சரி பார்க்கணும். ஒரு ஒற்றனுக்கு இன்னொரு ஒற்றனைத் தெரியக் கூடாது. மூன்று பேர் சொல்வதும் ஒத்துப் போனால்தான் நம்பணும்.

இதே மூன்று பேர் கணக்கு கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் கொடுத்த ஓலைச் சுவடியிலிருந்து, ஆர். சாமசாஸ்திரி அந்த நூலை 1909-ல் அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஒற்றர்கள் போட வேண்டிய வேஷங்களின் பட்டியல் உண்டு. பட்டியலில் முதலில் வருவது யார் தெரியுமா? மாணவன் வேஷம்! சாமியார், விவசாயி, வியாபாரி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் ஒற்றாடலை வைத்த இடம். அதுக்கு முந்தின அதிகாரம் கண்ணோட்டம், அதாவது இரக்கம். அதுக்கும் முந்தினது வெருவந்த செய்யாமை, குடிமக்களைப் பயமுறுத்தாமல் ஆளுவது. பயமுறுத்தாதே, இரக்கம் வை, அப்புறம் வேவு பார். வரிசை இதுதான். ஐயரின் வாழ்க்கை முழுக்க இந்த வரிசை தலைகீழாகப் போன கதைதான்.

வரகனேரி டு லண்டன்

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி பிறந்தவர் வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். ஊர்ப் பெயரையும் சேர்த்து வ.வே.சு. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படிப்பு, பிறகு வக்கீல் தேர்வு, திருச்சியில் தொழில். 1906 வாக்கில் ரங்கூனுக்குப் போய் ஒரு ஆங்கிலேய பாரிஸ்டரிடம் வேலை பார்த்தார். அடுத்த வருஷமே தானும் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று லண்டன் போய் லிங்கன்ஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அதுவரை நம்ம அப்பா அம்மா ஆசைப்படுகிற மாதிரி நல்லா செட்டில் ஆகப் போற பிள்ளைதான்!

லண்டன் ஹைகேட் பகுதியில், 65, க்ராம்வெல் அவென்யூ என்ற முகவரியில், இந்தியா ஹவுஸ் என்று ஒரு விடுதி இருந்தது. சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ல் இந்திய மாணவர்களுக்காக ஆரம்பித்தது. சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் அங்கே போன ஐயர், சாவர்க்கரோடு நெருங்கினார். சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மாஜினி, கரிபால்டி வரலாறு வந்து உட்கார்ந்தது. பாரதியாரின் இந்தியா பத்திரிகைக்கு லண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார்.

1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்ரா, லண்டனில் கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அதோடு விடுதியின் நிலைமை மாறிவிட்டது. இந்தியர்களைக் கவனிப்பதற்கென்றே ஜான் வாலிங்கர் என்ற போலீஸ் அதிகாரியை லண்டனில் அமர்த்தி ஒரு ரகசிய அலுவலகம் தொடங்கினார்கள். இந்தியாவில் ஏற்கெனவே 1904-ல் மத்தியக் குற்ற உளவுத் துறையும், 1906-ல் சென்னை மாகாண சி.ஐ.டி.யும் வந்தாச்சு. திருடனைப் பிடிக்க என்று ஆரம்பித்த இலாகா, கட்டுரை எழுதுகிறவனைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது.

மாணவன் வேஷத்தில்...

இப்போ அர்த்தசாஸ்திரப் பட்டியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தியா ஹவுஸுக்குள் கீர்த்திகர் என்ற பெயரில் ஒருவர் படிக்க வந்த மாணவராகவே நுழைந்தார் என்றும், சாவர்க்கரும் ஐயரும் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் அந்த வீட்டோடு பழகியவர்களின் நினைவுகள் சொல்கின்றன. கண்டுபிடித்தவர்கள் அவரை அடித்து விரட்டவில்லை. அங்கேயே இருக்க வைத்து, தாங்கள் பார்த்துச் சரி சொன்ன அறிக்கைகளையே போலீசுக்கு அனுப்ப வைத்தார்களாம்! அது மட்டுமில்லை. சென்னையிலிருந்து போன எம்.பி.டி. ஆச்சாரியா, தன் கூட்டாளிகளின் சம்மதத்தோடே ஸ்காட்லாந்து யார்டுக்குத் தகவல் சொல்கிறவராக நடித்தார் என்றும் சொல்வார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். சென்சார் இருக்கிறது, மீட்டரும் ஓடுகிறது, ஆனால் இன்புட்டை எதிராளி கொடுக்கிறான். திரையில் வருகிற அளவு அழகாகத்தான் இருக்கும். உண்மையாகத்தான் இருக்காது.

தாடியும் தலைப்பாகையும்

1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் கைதானார். ஐயர் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார். அடுத்து வாரண்ட் தன் பெயருக்குத்தான் என்பது தெரிந்தது. பாரிஸ்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மனசில்லாமல் அதை அப்படியே விட்டுவிட்டு, தாடி வளர்த்து, வேஷம் மாற்றி, பாரிஸுக்குத் தப்பினார்.

இந்தத் தப்பித்தலில் ஒரு காட்சி வாய்வழியாக இன்றும் சொல்லப்படுகிறது. பயணத்தில் சந்தேகப்பட்ட ஒரு துப்பறிபவர், பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்டாராம். சீக்கியர் வேஷத்திலிருந்த ஐயர் அசராமல் தன் பெயர் வீர விக்ரம் சிங் என்றாராம். எழுத்துக்கு எழுத்து பொருந்திவிட்டது! முறைத்த கண்ணுக்குப் பயப்படாதே, மனசிலிருப்பதைக் கக்காதே என்று வள்ளுவர் ஒற்றனுக்குச் சொன்ன இலக்கணத்தை, ஒற்றனிடமிருந்து தப்பினவர் கடைப்பிடித்திருக்கிறார்.

1910 ஜூலை 8-ஆம் தேதி மார்சேல்ஸ் துறைமுகத்தில் சாவர்க்கர் கப்பலிலிருந்து கடலில் குதித்தார். அவரைக் கூட்டிப் போக வந்த ஐயரும் காமா அம்மையாரும் வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சாவர்க்கர் திரும்பவும் பிடிபட்டார். அதன் பிறகு ஐயர் ஐரோப்பாவிலிருந்து கடல் வழியாக, இஸ்லாமியர் வேடத்தில், கொழும்பு வழி வந்து அந்த வருஷமே பாண்டிச்சேரி சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் மண் என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் அங்கே நேரடியாகக் கை வைக்க முடியாது. பாரதியார் 1908-லேயே அங்கே வந்துவிட்டார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார்.

கை வைக்க முடியாது, சரி. கண் வைக்கலாமே! தெருமுனையில் ஆள், எதிர் வீட்டில் ஆள், ரயிலடியில் ஆள். யார் வருகிறார், யார் போகிறார், எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. தபாலில் வரும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன.

மணியாச்சி ஜங்ஷன்

இத்தனை கண் பாண்டிச்சேரி வாசலில் இருக்கும்போது, நம்ம பக்கம் என்ன நடந்தது? 1910-ல் நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி, புனலூர் என்று சுற்றி ரகசியக் கூட்டம் போட்டார். காளி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன், திருவிதாங்கூர் வனத் துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். அவர் 1911-ல் பாண்டிச்சேரிக்குப் போனார், ஐயர் அவருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுத்தார் என்பது வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படும் செய்தி.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். மனைவியோடு கொடைக்கானல் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், ரயில் பெட்டியிலேயே சுடப்பட்டு இறந்தார். வாஞ்சிநாதன் அதே ஸ்டேஷனில் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயசு 25 தான்.

அந்தக் கொலை சரியா தப்பா என்பது பட்டிமன்றம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். ஒரு பெண் தன் கணவன் சாவதைக் கண் முன்னால் பார்த்தாள், இன்னொரு பெண் செங்கோட்டையில் விதவையானாள் என்பதையும் அந்தப் பட்டிமன்றத்தில் மறக்கக் கூடாது. நான் கேட்பது வேறு கேள்வி. இவ்வளவு பெரிய உளவு இலாகாவுக்கு இது ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? பெரிய பெயர்களின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, புனலூர் ரயிலில் ஏறி இறங்கின ஒரு வனத் துறை ஊழியர் கண்ணில் படவே இல்லை. வேவு என்பது ஆளைப் பார்ப்பது மட்டுமில்லை, நாட்டில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பதும்தான். வள்ளுவர் சொன்ன இரண்டு கண்ணில் வெள்ளைக்காரனுக்கு ஒற்று என்ற ஒரு கண் மட்டும் இருந்தது. நூல் என்ற மற்றக் கண், அதாவது ஆட்சியின் நியாயம் தெரிந்த கண், மூடியிருந்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கினால் ஜனங்கள் மனசு என்னவாகும் என்பதை எந்த ஒற்றனும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லையே!

கொலைக்குப் பிறகு திருநெல்வேலிச் சதி வழக்கு நடந்தது. 14 பேர் மேல் குற்றச்சாட்டு. கூட இருந்தவர்களில் சிலரே அரசாங்க சாட்சியாக மாறினார்கள். நீலகண்டருக்கு 7 வருஷம் சிறை. ஐயரையும் பாரதியாரையும் பாண்டிச்சேரியை விட்டு வெளியே இழுக்க பிரிட்டிஷ் அரசு செய்யாத முயற்சி இல்லை.

கிணற்றுக்குள் ஜாடி

சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்? தாங்களே உண்டாக்குவார்கள்!

ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே காளி படம், ராஜத் துரோகப் பிரசுரங்கள். யாரோ ராத்திரியில் போட்டுவிட்டுப் போனது. அடுத்து சோதனை வரும், ஜாடி கிடைக்கும், பிரெஞ்சு அரசே பிடித்துக் கொடுத்துவிடும் என்பது கணக்கு. நண்பர்கள் கூடிப் பேசினார்கள். ஜாடியை மறைக்காமல் பிரெஞ்சு போலீசில் தாங்களே ஒப்படைத்துவிடுவது என்பது பாரதியார் சொன்ன யோசனை. அப்படியே செய்தார்கள். பிறகு புகாரின் பேரில் சோதனை வந்தபோது ஒன்றும் சிக்கவில்லை. அரவிந்தர் வீட்டைச் சோதித்த மாஜிஸ்திரேட், அங்கே லத்தீன் கிரேக்கப் புத்தகங்களைப் பார்த்து, இப்படிப் படித்தவரா சதிகாரர் என்று வியந்து திரும்பினாராம்.

வெளியூர்க்காரர்கள் பாண்டிச்சேரியில் இருக்க வேண்டுமானால் ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகளின் நற்சாட்சி வேண்டும் என்றும் ஒரு சட்டம் வந்தது. கலவை சங்கரச் செட்டியார் என்ற உள்ளூர்ப் பெரியவர் முன்னின்று ஐந்து கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்தார். ஒற்றர்கள் எழுதின அறிக்கை ஒரு பக்கம், பக்கத்துத் தெருக்காரர்கள் போட்ட கையெழுத்து ஒரு பக்கம். கையெழுத்துதான் ஜெயித்தது!

நான் சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்த ஜாடி கதையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது காம்பஸ் சர்வே பிராக்டிகல். ஒரு லைனுக்கு ஃபோர் பேரிங் எடுத்தால் பேக் பேரிங்கும் எடுக்கிறோம். இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வரணும். வராவிட்டால் பக்கத்தில் எங்கேயோ இரும்பு இருக்கிறது, ஊசியை அது இழுக்கிறது, அதாவது லோக்கல் அட்ராக்ஷன் என்று எழுதுகிறோம். ஒற்றனும் ஒரு காம்பஸ் ஊசிதான். கூலி, பதவி, பயம், பொறாமை என்று எந்த இரும்பு பக்கத்தில் இருந்தாலும் அவன் திரும்பிவிடுவான். தினமும் ஏதாவது சொன்னால்தான் தனக்கு மதிப்பு என்றிருக்கிறவன், ஒன்றும் நடக்கவில்லை என்று எத்தனை நாளைக்குத்தான் எழுதுவான்? அதனால்தான் ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனை விட்டுப் பார் என்றார் வள்ளுவர். பேக் பேரிங் இல்லாத சர்வேயை நம்ம ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட மாட்டார். பேரரசு போட்டது!

வீட்டுக்குள் நடந்தது

1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. இன்றும் கில்லாடியான ஆளை எம்டன் என்கிறோமே, அந்த எம்டன்தான். உலகப் போர் நேரம். பாண்டிச்சேரியில் இருப்பவர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்திவிடுங்கள் என்று பிரெஞ்சு அரசை பிரிட்டிஷார் நெருக்கினார்கள்.

எந்த நாளும் கப்பலில் ஏற்றிவிடலாம் என்ற நிலை. அந்த நேரத்தில் ஐயர் என்ன செய்தார் தெரியுமா? தமிழுக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று உட்கார்ந்து, திருக்குறளின் 1330 குறளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்! 1916-ல் புத்தகம் வெளிவந்தது. 59-ஆவது அதிகாரத்துக்கு வந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. வாசலில் நிற்கிற ஆள் ஒற்றன். மேஜை மேல் ஒற்றாடல். இரக்கத்துக்கு அப்புறம்தான் வேவு என்ற வரிசையை எழுதின கை, இரக்கமே இல்லாத வேவைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

1915-ல் விவேகபோதினியில் வந்த அவருடைய குளத்தங்கரை அரசமரம், தமிழ்ச் சிறுகதையின் ஆரம்பங்களில் முக்கியமானது. தாகூரின் ஒரு கதையைத் தழுவியது என்பார்கள். அதில் கதை சொல்வது ஒரு மரம். குளத்தங்கரையில் நின்று ஊரில் நடப்பதையெல்லாம் பார்க்கிற மரம். அதுவும் ஒரு வகையில் ஒற்றுத்தான்! ஆனால் ருக்மிணி என்ற பெண்ணின் துக்கத்தைப் பார்த்து அது உருகுகிறது. பார்வையில் இரக்கம் கலந்தால் கதை பிறக்கும். இரக்கம் இல்லாவிட்டால் ஃபைல்தான் பிறக்கும்.

வாசலில் நின்ற ஒற்றர்கள் வந்தவன் போனவன் பெயரையெல்லாம் எழுதினார்கள். உள்ளே இருந்தவர் எழுதியது இன்றும் நம்ம நூலகத்தில் இருக்கிறது.

1918 நவம்பரில் பாரதியார் பாண்டிச்சேரியை விட்டு வெளியேறினார். கடலூர் அருகே கைது. சில வாரம் சிறை. பிறகு விடுதலை, ஆனால் நிபந்தனையோடு. அப்படி அவர் வந்து தங்கிய ஊர்தான் மனைவி செல்லம்மாளின் கடையம். எழுதுவதை அச்சிடும் முன் சி.ஐ.டி. அதிகாரி பார்க்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. கவிதைக்கு போலீஸ் அனுமதி! ராமநதிக் காற்று வீசுகிற நம்ம பக்கத்து ஊரில் நடந்தது இது.

சேரன்மகாதேவிப் பந்தி

போர் முடிந்து பொது மன்னிப்பு வந்ததும் 1920-ல் ஐயர் வெளியே வந்தார். தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 1921-ல் கைதாகி பெல்லாரிச் சிறையில் 9 மாதம். அங்கேயும் கை சும்மா இருக்கவில்லை. கம்ப ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். அது அச்சில் வந்தது அவர் போய் 25 வருஷம் கழித்து, 1950-ல்.

1922-ல் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். அது சேரன்மகாதேவியில் நிலைத்தது. படிப்போடு தொழிலும் உடற்பயிற்சியும் தேசபக்தியும் சொல்லித் தரும் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. நல்ல கனவுதான். ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி நடந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் கொடுத்த சலுகை என்று ஒரு விளக்கம். எல்லோர் பணத்திலும் நடக்கிற இடத்தில் எதுக்குத் தனிப் பந்தி என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கிளம்பினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார், அந்தப் பிள்ளை வீட்டில் சொன்னதிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது என்பார்கள். தமிழ்நாடே இரண்டுபட்டது. காந்திஜி வரை பஞ்சாயத்து போனது. 1925 ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஐயர் வரலாற்றை எழுதலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. ஸ்காட்லாந்து யார்டையும் சென்னை சி.ஐ.டி.யையும் சமாளித்தவர், ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்குள் நடந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. ஏனென்றால் அது ரகசியம் இல்லை, அநியாயம். அநியாயத்தைக் கண்டுபிடிக்க ஒற்றன் வேண்டாம். பந்தியில் உட்கார்ந்த ஒரு சின்னப் பையனுக்கே தெரிந்துவிடும்.

பாபநாசம்

1925 ஜூன் மாதம் ஆரம்பம். மாணவர்களோடும் மகள் சுபத்திராவோடும் ஐயர் பாபநாசம் மலைக்கு வந்தார். அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். பார்க்க அமைதியாக இருந்து உள்ளே இழுக்கிற தண்ணீர். சுபத்திரா வழுக்கி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தகப்பனும் திரும்பவில்லை. அவருக்கு வயசு 44.

கடலைத் தாண்டி, ஒற்றர்களைத் தாண்டி, எம்டன் காலத்தைத் தாண்டி வந்தவரை நம்ம தாமிரபரணி எடுத்துக்கொண்டது. பாபநாசம் டூர் போகிற நண்பர்கள் அருவியில் ஆட்டம் போடும் முன் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரிடம் ஜாக்கிரதையாகவும் இருங்கள்!

நமக்கு இதில் என்ன?

ஒரு நாட்டுக்கு உளவுத் துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வள்ளுவரே சொல்லவில்லையே! சுதந்திர இந்தியா தன் பாதுகாப்புக்காக 1968-ல் ஆர்.என்.காவ் தலைமையில் ரா அமைப்பைத் தொடங்கியது. எல்லையில் எதிரி என்ன செய்கிறான் என்று தெரியாமல் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் எதைப் பார்க்கணும், எதுவரை பார்க்கணும், பார்த்ததை எப்படிச் சரி பார்க்கணும் என்ற கேள்விகள் எப்போதும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்தது அந்தக் கேள்விகளுக்காகத்தான். இப்போ நம்ம ஒவ்வொருத்தர் பாக்கெட்டிலும் ஒரு போன். எங்கே போனோம், யாரோடு பேசினோம் என்று அதுவே எழுதி வைக்கிறது. நாளைக்கு அந்த மாதிரிக் கருவியைப் பொருத்துகிறவர்களும், கேமராவுக்கு வயர் இழுக்கிறவர்களும், புரோகிராம் எழுதுகிறவர்களும் நம்ம டிப்ளமோ பசங்கதான். அதனால் இது நம்ம சப்ஜெக்ட்!

பெரிய விஷயம் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு ஹாஸ்டலில் நடந்தது. நாலைந்து பேர் செகண்ட் ஷோ போன விஷயம் வார்டனுக்குத் தெரிந்துவிட்டது. அவனாகத்தான் இருக்கும் என்று யாரோ ஒருத்தன் ஒரு பையனைக் கை காட்டினான். அவன் எங்க ஊர்ப் பக்கத்துப் பையன். அதிகம் பேச மாட்டான், அது ஒன்றுதான் அவன் செய்த குற்றம். இரண்டு மாசம் யாரும் அவனோடு பேசவில்லை. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் அந்த மேஜையே காலியாகும். கடைசியில் பார்த்தால் வார்டன் தெரிந்துகொண்டது கேட் ரெஜிஸ்டரிலிருந்து! செமஸ்டர் முடிந்ததும் அவன் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனான். இப்போ தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிறான்.

ஒரே ஒரு வாய். இன்னொரு வாயைக் கேட்கவில்லை. மூன்றாவது வாயைப் பற்றி யோசிக்கவே இல்லை. கிணற்றில் ஜாடி போட்டவனுக்கும் இதற்கும் வித்தியாசம் அளவில்தான். தனிப் பந்தி போட சாதி மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை, சந்தேகமே போதும்.

ஆகவே நண்பர்களே, ஐயர் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. யாரைப் பற்றியாவது ஒரு செய்தி காதுக்கு வந்தால், பேக் பேரிங் எடுக்காமல் நோட்டில் ஏற்றாதே. உன்னையே யாராவது சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தால், அவனை முறைத்துக்கொண்டு நாளைக் கழிக்காதே, உள்ளே உட்கார்ந்து உன் வேலையைச் செய். வாசலில் நிற்கிறவன் ஒரு நாள் போய்விடுவான். வேலை நிற்கும்.

ஒற்று ஒரு கண், நூல் ஒரு கண். நமக்கு இரண்டும் திறந்திருக்கட்டும்!